பத்து சன்னல் மெடிச்சி, ஏழு சன்னல் ரிக்கார்டி

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இப்படி வரும்: இத்தாலியில் பிளாரன்ஸ் நகரில் மெடிச்சி ரிக்கார்டி மாளிகையைச் சுற்றிப் பார்த்தீர்கள், கூட்டிப் போனவர் முழு நேரமும் அந்த ஊரை ஆண்ட மெடிச்சி குடும்பத்தின் புராணம் பாடினார், ரிக்கார்டி யார் என்று கேட்டதற்கு "பின்னால் வாங்கினவர்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். பின்னால் வாங்கினவர்களின் பெயர் ஏன் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஒரு பிரபுக் குடும்பத்து அரண்மனை எப்படி அரசு அலுவலகமானது என்று கேட்கிறீர்கள். இதற்கு அடியில் நீங்கள் வாய்விட்டுக் கேட்காத ஒன்றும் இருக்கிறது: அன்று நீங்கள் பார்த்ததில் மெடிச்சி காலத்தது எவ்வளவு? அதைத் தெரிந்துகொண்டால் மற்ற இரண்டுக்கும் விடை தானாக வந்துவிடும்.

நான் பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பவன். வரலாற்றுப் பேராசிரியன் இல்லை. கல்லையும் சுண்ணாம்பையும் வைத்துப் பேசுவேன், வங்கிக் கணக்கு, வாரிசு வழக்கு என்றால் மற்றவர்கள் எழுதியதை நம்பித்தான் பேசுவேன். சின்ன வயதில் சுவரோவியப் பாதுகாப்புப் பயிற்சிக்காக ஒரு குளிர்காலம் முழுக்க பிளாரன்ஸில் இருந்தேன். முதல் வாரம் எங்கள் ஆசிரியர் இந்த மாளிகைக்கு எதிர்ப்பக்க நடைபாதையில் எங்களை நிறுத்தி, "மேல்மாடிச் சன்னல்களை எண்ணுங்கள்" என்றார். பதினேழு. "இதில் மெடிச்சி போட்டது எத்தனை?" யாருக்கும் தெரியவில்லை. பத்து. வடக்குப் பக்கம் உள்ள ஏழும் ரிக்கார்டி குடும்பம் இருநூறு வருடம் கழித்துச் சேர்த்தவை. பழைய பாணியை அப்படியே பின்பற்றிச் சேர்த்ததால் தெருவில் போகிறவன் கண்ணுக்கு வித்தியாசம் படாது. இப்போது நினைத்துப் பாருங்கள், பழைய பிரதான வாசல் முகப்பின் நடுவில் இல்லாமல் தெற்கே ஒதுங்கியிருந்தது அல்லவா? கட்டியவன் கோணலாக வைக்கவில்லை. வீடு பிற்பாடு ஒரே பக்கமாக வளர்ந்துவிட்டது.

முதலில் "அரண்மனை" என்ற சொல்லைச் சரிசெய்துகொள்வோம். இத்தாலியில் பலாட்சோ என்றால் ராஜா இருக்கும் இடம் என்று பொருளில்லை. நகரத்துக்குள் இருக்கும் எந்தப் பெரிய கட்டடமும் பலாட்சோதான், இன்றைக்கு அடுக்குமாடிக் குடியிருப்பைக்கூட அப்படித்தான் சொல்கிறார்கள். கோசிமோ டி மெடிச்சி இதைக் கட்ட ஆரம்பித்தபோது அவர் பிரபுவும் இல்லை. அப்பா ஜொவான்னி 1397இல் பிளாரன்ஸில் நிறுவிய வங்கிதான் சொத்து. அந்தக் குடியரசில் பழைய பிரபு வம்சத்தில் பிறந்திருப்பது பெருமையைவிடத் தொல்லை. 1293இல் வந்த சட்டம் அப்படிப்பட்ட குடும்பங்களை உயர் பதவிகளிலிருந்து விலக்கி வைத்தது. ஆகவே கோசிமோ சாதாரணக் குடிமகன் வேஷத்திலேயே ஊரை ஆண்டார். 1433இல் எதிரிகள் அவரை நாடு கடத்தினார்கள், அடுத்த வருடமே திரும்பி வந்துவிட்டார். பணம் இருக்கிறது என்று காட்ட வேண்டும், ஆனால் ராஜாவாக ஆசைப்படுகிறான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. இந்த இழுபறியை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் முகப்பு புரியும். கீழ்த்தளத்தில் மலையிலிருந்து பிளந்து எடுத்து வந்த மாதிரி புடைத்து நிற்கும் முரட்டுக் கற்கள், கோட்டைக்குரியவை. அடுத்த மாடியில் தட்டையான கல், இடையில் கோடு மட்டும். அதற்கும் மேலே கிட்டத்தட்ட வழவழப்பு. உச்சியில் பழைய ரோமானியப் பாணியில் கனமான கொடுங்கை. தெருவிலிருந்து பார்ப்பவனுக்கு மிரட்டலும் அடக்கமும் சேர்ந்தே தெரியும். சுவரடியில் நீளமாக ஒரு கல் திண்ணை ஓடுகிறதே, அதுவும் முக்கியம். நம் ஊர்த் திண்ணைக்கு இருந்த அதே வேலை அதற்கும் இருந்தது: காரியத்துக்காக வந்தவர்கள் காத்துக்கிடக்கும் இடம். எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதே வீட்டுக்காரனின் செல்வாக்குக்கு அளவு.

கட்டியவர் யார் என்ற விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். 1440களின் நடுவில் வேலை தொடங்கியது, பொதுவாக 1444 என்று சொல்வார்கள். வடிவமைத்தவர் மிக்கெலோட்சோ என்பது பெரும்பாலோர் ஏற்ற முடிவு, நானும் ஏற்கிறேன். ஆனால் அது கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைப் பார்த்துச் சொன்னதல்ல. நூறு வருடம் கழித்துக் கலைஞர்களின் வாழ்க்கையை எழுதிய வசாரியின் சொல்லும் கட்டட பாணியும் சேர்ந்து தரும் முடிவு. அதே வசாரிதான் இன்னொரு கதையும் சொல்கிறார்: அந்தக் காலத்துப் பெரிய கட்டடக் கலைஞர் புருனெலெஸ்கி முதலில் ஒரு மாதிரி வடிவம் செய்து கொடுத்தாராம், அது ரொம்ப ஆடம்பரம், ஊர் பொறாமைப்படும் என்று கோசிமோ ஒதுக்கினாராம், கோபத்தில் புருனெலெஸ்கி அதைப் போட்டு உடைத்தாராம். கோசிமோவின் குணத்துக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்துகிறது. அப்படிப் பொருந்துகிற கதைகளிடம்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். நான் இதை நம்பவும் இல்லை, தூக்கிப் போடவும் இல்லை. செலவு விஷயத்திலும் ஒரு குழப்பம் உண்டு. 1434 முதல் 1471 வரை கட்டடம், தானம், வரி எல்லாம் சேர்த்துக் குடும்பம் 663,755 பொற்காசுகளைச் செலவழித்ததாக கோசிமோவின் பேரன் லொரென்சோ குறித்துவைத்திருக்கிறார். அதை இந்த ஒரு வீட்டின் விலையாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

வீட்டுக்குள் இருந்ததில்தான் உண்மையான செல்வம். முற்றத்தில் டொனாட்டெல்லோவின் வெண்கல தாவீது; தோட்டத்தில் அதே சிற்பியின் யூதித்து, பைபிள் கதையில் வரும் அந்தப் பெண் எதிரித் தளபதி ஹோலோபெர்னெஸின் தலையை வெட்டும் கோலத்தில். லொரென்சோவின் அறையில் உச்செல்லோ வரைந்த சான் ரொமானோ போர்க்களக் காட்சிகள் மூன்று. இந்த மூன்றும் மெடிச்சி வரையச் சொன்னவை என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தார்கள். ஆவணங்களைத் துருவியபோது வேறு கதை வந்தது: வேறொரு பிளாரன்ஸ் குடும்பத்துக்காக வரைந்தவை, லொரென்சோ தன் செல்வாக்கைப் பயன்படுத்தித் தன் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். இன்று ஒன்று பிளாரன்ஸில், ஒன்று பாரிஸில், ஒன்று லண்டனில். அறைக்கு அறை என்ன இருந்தது என்று நமக்குத் தெரிவதற்குக் காரணம், 1492இல் லொரென்சோ இறந்தபோது எடுத்த சொத்துப் பட்டியல். அதன் மூலப் பிரதி கிடைக்கவில்லை, 1512இல் எடுத்த நகல்தான் கையில் இருக்கிறது. சிறுவன் மைக்கலாஞ்சலோ இந்த வீட்டில் லொரென்சோவின் கவனிப்பில் சுமார் இரண்டு வருடம் தங்கிச் சாப்பிட்டு வளர்ந்ததும் அந்த மரணத்துக்குச் சற்று முன்பு வரை.

நீங்கள் பார்த்ததில் அன்றைய நிலைக்கு மிக நெருக்கமாக இருப்பது முதல் மாடியின் சின்னத் தொழுகை அறை. 1459இல் பெனோட்சோ கோட்சோலி வரைய ஆரம்பித்தார். மூன்று சுவரிலும், குழந்தை இயேசுவைப் பார்க்கப் போன மூன்று ஞானியரின் ஊர்வலம். பீடத்துக்கு மேலே இருப்பது நகல், பிலிப்போ லிப்பி வரைந்த அசல் படம் பெர்லினில். ஊர்வலத்தின் முன்வரிசையில் கோசிமோவும் அவர் மகன் பியேரோவும் இருப்பது உறுதி என்றே சொல்லலாம். கோட்சோலியே கூட்டத்துக்கு நடுவில் தொப்பியில் தன் பெயரை எழுதிக்கொண்டு நிற்கிறார், அதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. ஆனால் வெள்ளைக் குதிரையில் வரும் இளவயது ஞானி லொரென்சோதான் என்று கூட்டிப் போனவர் சொல்லியிருப்பாரே? அந்த வருடம் லொரென்சோவுக்கு வயது பத்து. குதிரையில் இருப்பவன் வளர்ந்த இளைஞன். அழகுபடுத்திய லொரென்சோ என்று சமாதானம் சொல்பவர்கள் உண்டு. என் கண்ணுக்கு அது யாருடைய முகமும் இல்லாத பொது முகம். உண்மையான சிறுவன் பின்னால் கூட்டத்தில் நிற்கிறான் என்பதே இன்று பலர் ஏற்கும் கருத்து. மற்ற இரண்டு ஞானியரையும் 1439 திருச்சபைப் பேரவைக்கு வந்த பைசாந்தியப் பேரரசராகவும் கான்ஸ்டான்டினோபிள் மறைமுதல்வராகவும் பார்ப்பதும் ஊகம்தான், கொஞ்சம் நல்ல ஊகம்.

சரி, இவ்வளவையும் வைத்துக்கொண்டு மெடிச்சி எத்தனை நாள் இங்கே வாழ்ந்தார்கள்? 1450களின் பிற்பகுதியில் குடிவந்தார்கள். 1463இல் மகன் ஜொவான்னி இறந்த பிறகு, முதிய கோசிமோவை நாற்காலியில் தூக்கிக்கொண்டு அறை அறையாகப் போனபோது, "இவ்வளவு சின்னக் குடும்பத்துக்கு இவ்வளவு பெரிய வீடா" என்று அவர் பெருமூச்சு விட்டதாகச் சொல்வார்கள். மறு வருடம் அவரும் இல்லை. 1494 நவம்பரில் லொரென்சோவின் மகன், இன்னொரு பியேரோவை, ஊர் துரத்தியது. சில நாளில் படையோடு வந்த பிரான்ஸ் மன்னன் எட்டாம் சார்லஸ் இதே வீட்டில்தான் தங்கினான். கொள்ளை போனது போக மிச்சத்தை அரசு எடுத்துக்கொண்டது. தாவீதும் யூதித்தும் ஆட்சி மன்ற மாளிகைக்குப் போயின. யூதித்துக்கு அடியில் 1495 என்று வருடம் போட்டு, பொதுநலனுக்கு எடுத்துக்காட்டாகக் குடிமக்கள் வைத்தது என்று பொறித்தார்கள். கொடுங்கோலன் தலையை வெட்டும் பெண்ணின் சிலையை அந்தக் கொடுங்கோலன் என்று கருதப்பட்டவன் தோட்டத்திலிருந்தே எடுத்து வந்து நிறுத்துவது, அரசியல் கிண்டலில் அதற்கு மேல் ஒன்று இருக்க முடியாது. 1512இல் குடும்பம் திரும்பியது. முன்பு திறந்த மண்டபமாக இருந்த தெருமுனையை 1517 வாக்கில் மூடினார்கள். அங்கே நீங்கள் பார்த்த, முழங்கால் மடித்த மாதிரி தாங்குகல் வைத்த பெரிய சன்னல்கள் மைக்கலாஞ்சலோ வடிவமைத்தவை. அதைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு: வீட்டின் குணம் மாறியது அந்த நாளில்தான். தெருவுக்குத் திறந்திருந்த மூலையை அடைத்தவன் இனி குடிமகன் வேஷம் தேவையில்லை என்று முடிவு செய்துவிட்டான்.

1527இல் மறுபடி விரட்டல், 1530இல் மறுபடி வரவு. அந்த மூன்று வருட இடைவெளியில் வீட்டை இடித்துத் தரைமட்டமாக்கி, அந்தத் திடலுக்குக் கோவேறு கழுதைச் சதுக்கம் என்று பெயர் வைக்கலாம் என்று ஊரில் பேச்சு எழுந்தது. கலப்புப் பிறவி என்று அந்தக் குடும்பத்தின் முறைகேடான வாரிசுகளைக் குத்தும் பெயர் அது. யோசனை சொன்னது மைக்கலாஞ்சலோ என்று அவர் எதிரிகள் கட்டிவிட்டார்கள். அதை நான் வதந்தி என்ற இடத்திலேயே வைக்கிறேன். பிறகு வந்த அலெஸ்ஸாந்த்ரோ 1532இல் டியூக் ஆனார். குடும்பம் சட்டப்படி பிளாரன்ஸை ஆளும் பிரபு வம்சமானது அப்போதுதான், வீடு கட்டித் தொண்ணூறு வருடம் நெருங்கும்போது. 1537 ஜனவரியில் உறவினன் லொரென்சினோ பக்கத்து வீட்டில் வைத்து அவரைக் கொன்றான். அடுத்து டியூக்காக வந்த முதலாம் கோசிமோ (வீட்டைக் கட்டியவர் அல்ல, அதே பெயருள்ள பிற்காலத்தவர்) 1539இல் தன் திருமண விருந்தை இந்த முற்றத்தில் நடத்திவிட்டு, 1540இல் மனைவி மக்களோடு ஆட்சி மன்ற மாளிகைக்கே குடிபோய்விட்டார். அதற்குப் பிறகு இங்கே குடும்பத்தின் கிளை உறுப்பினர்களும் விருந்தாளிகளும்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள்: தலைமைக் குடும்பம் இங்கே வாழ்ந்தது எண்பது சொச்சம் வருடம், நாடு கடத்தல்களில் போன 21 வருடத்தைக் கழித்தால் சுமார் அறுபதுதான்.

இப்போது ரிக்கார்டி. 1659இல் அப்போது ஆண்ட மெடிச்சி டியூக் இரண்டாம் பெர்டினாண்ட் இந்த வீட்டை மார்க்விஸ் கப்ரியெல்லோ ரிக்கார்டிக்கு விற்றார். விலை 40,000 ஸ்கூடி, அந்தக் கால நாணயம். மெடிச்சியைப் போலவே இவர்களும் வணிகத்தில் முன்னுக்கு வந்து பட்டம் வாங்கியவர்கள், மெடிச்சி அரசவையில் பதவி வகித்தவர்கள். முதலாளி வீட்டை ஊழியன் வாங்கினான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கேதான் எனக்கு ரிக்கார்டி மேல் ஒரு பிரியம் வருகிறது. அந்தக் காலப் பணக்காரன் எவனும் பழைய முகப்பை உடைத்துத் தன் காலத்து பரோக் பாணியில் புதிதாகப் போட்டிருப்பான். இவர்கள் ஏழு சன்னல் நீட்டினார்கள், ஆனால் இருநூறு வருடப் பழைய பாணியை, அதே முரட்டுக் கல்லோடு, பிசகாமல் தொடர்ந்தார்கள். முற்றச் சுவரில் தாங்கள் சேர்த்த பழங்காலப் புடைப்புச் சிற்பங்களையும் கல்வெட்டுகளையும் பதித்தார்கள். நேப்பிள்ஸிலிருந்து ஓவியர் லூக்கா ஜோர்தானோவை வரவழைத்து 1680களின் முதல் பாதியில் கண்ணாடிக் கூடம் என்ற நீளக் கூடத்தின் கூரை முழுக்க வரையவைத்தார்கள். அந்தக் கூரையை அண்ணாந்து பார்த்திருப்பீர்கள். நடுவில் மேகத்துக்கு மேல் தெய்வமாக உயர்ந்து நிற்பது யார்? மெடிச்சி வம்சம். தன் காசில், தன் வீட்டுக் கூரையில், முந்தைய சொந்தக்காரனை ஏற்றி வைத்திருக்கிறார்கள். விசுவாசம் என்றும் சொல்லலாம், ஆளும் டியூக்கிற்கு ஐஸ் வைத்தார்கள் என்றும் சொல்லலாம். இரண்டும்தான் என்பேன். பழைய பெயரின் மதிப்பே தாங்கள் வாங்கிய சொத்தின் மதிப்பு என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

அதற்காக அவர்களைப் புனிதராக்க வேண்டாம். 1689 வாக்கில் பொஜ்ஜீனி வடிவமைத்த பெரிய படிக்கட்டுக்கு இடம் தேவைப்பட்டபோது, கோட்சோலியின் தொழுகை அறையையே வெட்டினார்கள். முதிய ஞானியின் ஊர்வலம் உள்ள சுவரின் ஒரு பகுதியை அறுத்து, உள்பக்கம் தள்ளிக் கட்டிய புதுச் சுவரில் ஓவியத் துண்டுகளை மறுபடி ஒட்டினார்கள். அந்த அறையில் ஒரு மூலை மட்டும் அறைக்குள் துருத்திக்கொண்டிருப்பது அதனால்தான். பயிற்சிக் காலத்தில் எங்களை அந்த மூலைக்கு எதிரே அரை நாள் உட்காரவைத்தார்கள். முதல் பார்வையில் ஊர்வலம் சாதாரணமாகத் தெரியும். பிறகு ஒரு குதிரையின் உடல் ஒரு சுவரில் முடிந்து அடுத்த சுவரில் வேறு கோணத்தில் தொடர்வது கண்ணில் படும். ஒருமுறை பட்டுவிட்டால் பிறகு அதை மட்டும்தான் பார்ப்பீர்கள். ஒரு தொழிலாளி என்ற முறையில் சொல்கிறேன், ஈரச் சாந்தில் வரைந்த ஓவியத்தை 17ஆம் நூற்றாண்டுக் கருவிகளோடு அறுத்து நகர்த்தி, இவ்வளவு மிச்சம் வைத்ததே பெரிய காரியம். அறுத்திருக்கவே கூடாது என்பது வேறு.

குடும்பத்தின் புத்தகச் சேகரிப்பை 18ஆம் நூற்றாண்டில் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டதும் ரிக்கார்டிதான். நூலகம் இன்றும் அதே கட்டடத்தின் பின்புறத்தில், ஜினோரி தெரு வாசலோடு, ரிக்கார்டியானா என்ற பெயரில் இயங்குகிறது. பெயர் ஏன் நிலைத்தது என்பதற்குப் பாதி விடை அதுதான். ஆனால் இவ்வளவு பெரிய வீட்டையும் சேகரிப்பையும் கட்டிக்காப்பது அவர்களை விழுங்கிவிட்டது. நெப்போலியன் காலத்துக்குள் கடன் கழுத்துக்கு வந்தது. சேகரிப்புகள் ஏலம் போயின. நூலகம் சிதறாமல் நகராட்சி வாங்கிக் காப்பாற்றியது. 1814இல் மாளிகை, பிளாரன்ஸ் அடங்கிய தஸ்கனி அரசின் கைக்குப் போனது. உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை இதுதான்: யாரும் பறிமுதல் செய்யவில்லை, புரட்சி நடக்கவில்லை, வீட்டுக்காரனால் முடியவில்லை, விற்றான். அரசுக்கோ அலுவலகத்துக்கு இடம் வேண்டியிருந்தது. 1865 முதல் 1871 வரை பிளாரன்ஸ் புதிய இத்தாலிக்குத் தலைநகராக இருந்தபோது உள்துறை அமைச்சகம் இங்கேதான் இருந்தது. தலைநகரம் ரோமுக்குப் போனதும் 1874இல் பிளாரன்ஸ் மாகாண நிர்வாகம் வாங்கியது. இப்போது அதன் வாரிசான மாநகர நிர்வாகம். நீங்கள் நுழைவுச்சீட்டு வாங்கிய இடத்தில் கோப்போடு ஓடிய ஆட்களைப் பார்த்து ஆச்சரியப்பட்டதாக எழுதியிருந்தீர்கள். அவர்களுக்கு அது அலுவலகம், சுற்றுலா இடம் அவர்கள் நடைபாதையில் நடக்கிறது, அவ்வளவுதான். 1814 முதல் இன்று வரை எண்ணினால் இருநூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. ரிக்கார்டி வைத்திருந்த 155ஐத் தாண்டிவிட்டார்கள். மெடிச்சியின் 215ஐ எட்டிப் பிடிக்க அதிக நாள் இல்லை. எழுத்தர்களின் பெயர் மட்டும் பலகையில் ஏறவில்லை.

ஆக, கூட்டிப் போனவர் சொன்னது முழுத் தப்பில்லை. எலும்பு மெடிச்சியுடையது: முகப்பின் தென்பகுதி, முற்றம், தொழுகை அறை. சதை நிறைய ரிக்கார்டியுடையது: வடபகுதி, படிக்கட்டு, கண்ணாடிக் கூடம், நூலகம். முற்றத்தில் இப்போது நிற்கும், கிரேக்கப் புராணப் பாடகன் ஓர்பியூஸின் சிலை பந்தினெல்லி செய்தது, தாவீது போன பிறகு 1512இல் திரும்பிய மெடிச்சி அந்தக் காலி இடத்துக்கு வைத்தது. அறைகலன் எதையும் லொரென்சோ உட்கார்ந்தது என்று யாராவது காட்டினால் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள்; 1494இலேயே வீடு காலியாகிவிட்டது. மறுபடி போக வாய்த்தால் காலையில் கதவு திறந்ததும் நேரே தொழுகை அறைக்குப் போங்கள், கொஞ்சம் பேரைத்தான் ஒரு தடவைக்கு உள்ளே விடுகிறார்கள். முகங்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் அந்தத் துருத்திய மூலையில் குதிரையைத் தேடுங்கள்.